ஆடியில் முகூர்த்தம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளுக்கு ஒருவர் வருவார். எல்லாப் புடவையையும் பிரிக்கச் சொல்வார். ஒன்றும் எடுக்க மாட்டார். அவரே கடை போடப் போகிறவர், மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறார். அதில் தப்பில்லை. ஆனால் வாசலில் செருப்போடு உண்மையையும் கழற்றி வைத்துவிடுவார்.

"பொண்ணுக்குக் கல்யாணங்க. முகூர்த்தப் பட்டு காட்டுங்க."

பெண்ணைப் பெற்றவர் முதலில் நிறத்தைப் பார்ப்பார், அடுத்து விலையை, பிறகு மனைவியின் முகத்தை. இவரோ புடவையைப் பிரித்ததும் பின்பக்கம் திருப்புவார். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட்டிக் கோத்த கோர்வைதானா என்று நகத்தால் தடவுவார். "எத்தனை கிராம் ஜரிகை? ஒரு பாவுல எத்தனை புடவை எடுப்பாங்க?"

விற்பனையாளருக்கு அப்போதே புரிந்துவிடும். இருந்தாலும் மரியாதையாகக் கேட்பார்: "முகூர்த்தம் என்னிக்கு சார்?"

"ஆடி கடைசியில."

"அப்படியா... காபி சொல்லட்டுமா சார்?"

காபியை முடித்துக்கொண்டு அவர் பிள்ளையார்பாளையம் கிளம்புவார். தறியில் இருப்பவரிடம், "அந்தக் கடைக்காரர் என்ன கூலி குடுக்கறார்? நான் மேலே போட்டுத் தர்றேன்" என்று ஆசை காட்டுவார். பேச்சோடு பேச்சாக, தறியில் பாதி ஏறியிருக்கும் புது டிசைன் அவர் செல்போனுக்குள் ஏறிவிடும். பதிவு செய்த டிசைனுக்கு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு உண்டு என்று யாராவது எச்சரித்தால், "யாளியும் அன்னமும் யார் வீட்டுச் சொத்து?" என்பார். பாதி நியாயம்தான். கோயில் தூணில் இருக்கும் யாளி ஊருக்குப் பொது. போன மாதம் ஒருவர் கண்விழித்து கிராஃப் தாளில் போட்ட யாளி பொதுவல்ல.

இவ்வளவு நாடகமும் தேவையே இல்லை. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடையிலும், முருகன், காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா பெயரில் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிலும் புடவையிலேயே விலைச்சீட்டு இருக்கிறது. தூய பட்டுக்கு அடையாளமாக சில்க் மார்க் சீட்டு இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். சொந்த டிசைன் வேண்டுமென்றால், மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இதே ஊரில் இருக்கிறது.

மிச்சத்துக்கு, கல்லாவில் இருப்பவரிடமே "நானும் கடை போடப் போறேங்க" என்று சொல்லிவிடலாம். சொல்லக்கூடியதைச் சொல்வார், மற்றதற்குச் சிரித்து மழுப்புவார். சாயம் போடுகிறவர், ஜரிகை விற்கிறவர், நெய்கிறவர் என எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்த ஊர் இது. இங்கே காலையில் மாறுவேஷம் போட்டால் சாயங்காலத்துக்குள் சந்தி சிரித்துவிடும். கடை திறக்கும் முன்பே நெசவாளர் கடனுக்குச் சரக்கு தர யோசிப்பார்.