எலெக்ட்ராவும் தேங்காய் எண்ணெயும்

ஜவ்வாது மலையில் ரயில் கிடையாது. ஒரு பக்கம் இறங்கினால் ஜோலார்பேட்டை, இன்னொரு பக்கம் இறங்கினால் போளூர். ரயிலைப் பார்க்கவே பஸ் பிடிக்க வேண்டிய ஊர் இது. இந்த லட்சணத்தில் ஜமுனாமரத்தூரில் என் வீட்டு அலமாரி மேல் ஒரு எலெக்ட்ரிக் லோகோ இருக்கிறது. மலையிலேயே சொந்தமாக ரயில் எஞ்சின் வைத்திருக்கும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அது ஓடுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெயர் எலெக்ட்ரா. இங்கிலாந்தில் ட்ரையாங் கம்பெனி 1960களில் செய்த மாடல். நிஜ எஞ்சினில் எழுபத்தாறில் ஒரு பங்கு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். 12 வோல்ட் டிசி. தலையில் இருக்கும் பாண்டோகிராஃப் சும்மா அழகுக்கு வைத்ததில்லை. மேலே கம்பி கட்டினால் அதிலிருந்தே கரன்ட் எடுத்து ஓடும். சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில், நின்றுபோன கடிகாரங்களுக்கு நடுவே கிடந்தது. கடைக்காரர் இரண்டு ஒயரை வைத்துக் காட்டினார். உர்ரென்று ஓடியது. அப்புறம் அது என் கைக்கு வந்துவிட்டது.

நிஜ எலெக்ட்ராவின் கதையைச் சொன்னால்தான் என் கதை புரியும். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓட 1950களில் இந்த வகையில் ஏழு எஞ்சின்கள் கட்டினார்கள். ஏழுக்கும் புராணப் பெண்களின் பெயர்: எலெக்ட்ரா, பண்டோரா, மினர்வா, டயானா என்று. 1969இல் ஏழையும் நெதர்லாந்து ரயில்வே வாங்கிக்கொண்டது. ஒன்றைப் பிரித்து ஸ்பேருக்கு வைத்துக்கொண்டு, மற்ற ஆறையும் 1986 வரை ஓட்டினார்கள். படித்ததும் எனக்குப் பளிச்சென்று புத்தி வந்தது. நானும் ஸ்பேருக்கு என்று இன்னொரு எலெக்ட்ரா வாங்கினேன். டச்சுக்காரர்களுக்கு ஏழில் ஆறு ஓடின. என்னிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டுமே ஸ்பேர்.

எல்லாம் ஒரு சொட்டு எண்ணெயில் ஆரம்பித்தது.

கடையில் ஓடிய எஞ்சின் வீட்டில் கொஞ்சம் கரகரத்தது. கியரில் எண்ணெய் வற்றியிருக்கும் என்று கண்டுபிடித்தேன். அது சரிதான், நான் சரியாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம். கைக்கெட்டும் தூரத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தது. கோடைக்காலம் வேறு. இரண்டு சொட்டு விட்டதும் எலெக்ட்ரா வழுக்கிக்கொண்டு ஓடியது. ‘இதுக்குப் போய் ஃபாரின் ஆயில் வாங்கறாங்களே’ என்று மேல்நாட்டு ரயில் பைத்தியங்களுக்காகப் பரிதாபப்பட்டேன்.

மார்கழி வந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மலைக் குளிரில் பாட்டிலுக்குள் வெள்ளையாய்க் கட்டியாகி நிற்பதைத் தினம் காலையில் பார்க்கிறேன். அடுப்போரம் வைத்து உருக்கித் தலையில் தடவிக்கொள்கிறேன். எஞ்சினுக்குள் போனதும் அதே எண்ணெய்தான் என்பதை மட்டும் மூளை சேர்த்துப் பார்க்கவில்லை. எலெக்ட்ரா முனகியது, நகரவில்லை. மோட்டார் போச்சு என்று தீர்ப்பு எழுதி ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

பழைய மோட்டார்களில் அல்நிகோ காந்தம் இருக்கும். அதன் நடுவில் சுற்றும் ஆர்மேச்சரை அப்படியே உருவக் கூடாது. காந்தத்தின் குறுக்கே முதலில் ஒரு இரும்புத் துண்டை வைத்துவிட்டுத்தான் உருவ வேண்டும். இல்லாவிட்டால் காந்தம் தன் சக்தியில் பாதியைக் காற்றுக்குத் தானம் செய்துவிடும். அறுபது வருஷம் காத்து வைத்திருந்த காந்த சக்தியை நான் ஒரு இழுப்பில் ஜவ்வாது மலைக்கு வழங்கினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாவது ஊதத் தெரிந்துதான் ஊதியிருப்பான்.

பஜாரில் ஒரு தையல்காரர் இருக்கிறார். சட்டையைச் சின்னதாக்கக் கொடுக்கப் போன இடத்தில் புலம்பினேன். தைப்பதை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, “மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடக் கூடாதுன்னு சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமே சார்” என்றார். ஒரு பழைய ஃபில்லரில் மெஷின் ஆயில் ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. எத்தனையோ வீடியோ பார்த்தும் கிடைக்காத ஞானம். என்ன, கொஞ்சம் முன்னாலேயே சட்டை பெரிதாகியிருக்கலாம்.

காந்தம் போனால் என்ன, நியோடிமியம் இருக்கிறதே! தபாலில் வரவழைத்தேன். சின்னச் சின்னத் துண்டுகள், பேய்ச் சக்தி. இரண்டு துண்டு ஒன்றையொன்று பார்த்ததும் பாய்ந்து ஒட்டிக்கொண்டன. நடுவில் என் விரல் இருந்தது. ஸ்க்ரூ, பிரஷ் ஸ்பிரிங், மனைவியின் ஹேர்பின் எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொண்டன. ஒருவழியாக உள்ளே பொருத்தினேன். துருவத்தை மாற்றிப் பொருத்தியிருக்கிறேன் என்பது, முன்னால் போகச் சொன்னால் பின்னால் போனபோது தெரிந்தது.

சரி, பின்னால்தானே போகிறது, அந்தப் பக்கத்தை முன்பக்கம் என்று வைத்துக்கொள்வோம் என்று சமாதானம் ஆனேன். எலெக்ட்ரிக் எஞ்சினுக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம்? பிறகு முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு என்று எல்இடி பொருத்தினேன். எது முன்பக்கம் என்று வைத்துக்கொண்டோம் என்பது அதற்குள் மறந்துவிட்டது.

பெயின்ட் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், வலிக்கிறது. பழைய பெயின்டை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டேன். அதில் அசிட்டோன் உண்டு. எஞ்சின் பாடி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். பெயின்ட் போனது. கூடவே ஜன்னலும் போனது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தச் சமயம் பார்த்துப் புனே போய் வந்தேன். கோத்ருடில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் இருக்கிறது. பாவ் ஜோஷி என்பவர் ஆயுசு முழுக்கச் சேர்த்துக் கட்டிய குட்டி ஊர், 1998இல் திறந்தார்கள். சிக்னல் மாறுகிறது, ரயில் நிற்கிறது, கிளம்புகிறது, எதுவும் முனகவில்லை. அதைப் பார்த்துவிட்டு வருகிற யாருக்கும் நம் வீட்டிலும் இப்படி ஒன்று கட்டலாமே என்று தோன்றும். கட்டியவர் கை வேறு, நம் கை வேறு என்பது ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் தோன்றும்.

நம் பீச்–தாம்பரம் லைன் 1931இல் 1500 வோல்ட் டிசியில் தொடங்கியது. 1960களில் அதையே 25,000 வோல்ட் ஏசிக்கு மாற்றினார்கள். ஒரு நகரத்து லைனையே அப்கிரேடு பண்ணும்போது ஒரு எஞ்சினைப் பண்ண முடியாதா என்று கிளம்பினேன். அவர்களிடம் எஞ்சினியர்கள் இருந்தார்கள் என்ற சின்ன வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

அப்கிரேடு என்றால் டிசிசி என்ற டிஜிட்டல் முறை. பழைய முறையில் தண்டவாளத்தில் வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரன்ட் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டீகோடர் என்று ஒரு குட்டி சர்க்யூட். தன் நம்பரைக் கூப்பிட்டால்தான் அது மோட்டாரை ஓட்டும். சொன்ன பேச்சைக் கேட்கும் ஒன்று வீட்டில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கும் ஆசை.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கால மோட்டாரில் ஒரு பிரஷ் நேராக இரும்புச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். சட்டத்துக்கும் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கும் தொடர்பு. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் தொடர்பு. சின்ன பிளாஸ்டிக் குழாயை மாட்டியாவது அந்த பிரஷ்ஷை முதலில் தனியாகப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்டவாளத்துக் கரன்ட் மோட்டார் வழியாகப் பின்வாசலில் டீகோடருக்குள் நுழைந்துவிடும். இது டீகோடரோடு வந்த தாளின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் படம் போட்டிருந்த இரண்டாம் பக்கத்திலிருந்து படித்தேன்.

சுவிட்சைப் போட்டேன். மெல்லிய வெள்ளைப் புகை. “என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருது, அடுப்புல ஒண்ணும் வைக்கலையே” என்று உள்ளேயிருந்து குரல். ரயில்வே வரலாற்றில் நீராவி எஞ்சின் போய் மின்சார எஞ்சின் வந்தது. என் வீட்டில் மட்டும் மின்சார எஞ்சின் ஒரு நிமிஷம் நீராவி எஞ்சின் ஆனது. டீகோடர் விலை எலெக்ட்ரா விலையைவிட அதிகம். எலெக்ட்ரா விலையையே வீட்டில் பாதிதான் சொல்லியிருந்தேன்.

இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்குச் சற்று முன்னால் வெளிச்சம் லேசாக மங்கியதை இங்கே பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் நடந்ததை ஒரு மீட்டர் டெலஸ்கோப்பில் பிடித்துவிட்டார்கள். என் எலெக்ட்ராவின் ஹெட்லைட் எரியாததற்குக் காரணம் நான் அதன் ஒயரை சால்டரே பண்ணவில்லை என்பது. மூக்குக்கு நேரே இருந்தும் அது பல நாள் எனக்குத் தெரியவில்லை. அதுவரை மலையின் லோ வோல்டேஜைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் லீவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரயில் பார்க்க வந்தார்கள். வந்தவர்களிடம் பாண்டோகிராஃப், கம்யூடேட்டர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பையன், “சார், கரன்ட் போயிடுச்சா?” என்றான். தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பையன் மேலே ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அப்புறம் எலெக்ட்ராவை விரலால் தள்ளிக்கொண்டு வாயாலேயே ஹாரன் அடித்தபடி ஹாலைச் சுற்றினான். என்னிடம் வந்த பிறகு அது ஓடிய அதிகபட்ச தூரம் அதுதான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய ரயில் மாடல் ஏதாவது கிடக்கலாம். கியருக்கும் அச்சுக்கும் ஆளுக்கொரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விடுங்கள். மோட்டாரில் பிரஷ் உரசும் கம்யூடேட்டரின் இடுக்கில் சேர்ந்திருக்கும் கரித்தூளை ஒரு பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். சக்கரத்தைத் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் சேரும். அதற்குமேல் கை வைக்காதீர்கள். ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லி எனக்கு அனுப்பவும் வேண்டாம். அனுப்பித்தான் தீருவேன் என்றால் அது எலெக்ட்ராவாக இருக்கட்டும். ஸ்பேருக்கு ஆகும்.