குடிக்கப் போய் குருமா

நாட்டு மருந்துக் கடைக்காரர் என் சீட்டை இரண்டு தடவை படித்தார். ஆளி விதை, பூசணி விதை, வெள்ளரி விதை, சூரியகாந்தி விதை, சப்ஜா விதை.

"தோட்டம் போடப் போறீங்களா சார்?"

"இல்லைங்க, குடிக்கப் போறேன்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பொட்டலங்களோடு கொஞ்சம் ஓமத்தையும் மடித்து வைத்தார். "இதுக்குக் காசு வேணாம். ராத்திரி தேவைப்படும்."

விஷயம் இதுதான். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "வடை, பஜ்ஜியைக் குறைச்சிட்டு கொஞ்சம் நட்ஸ் சேத்துக்குங்க" என்றார். 'கொஞ்சம்' என்ற சொல் என் காதில் எப்போதுமே சரியாக விழுந்ததில்லை. அலுவலகத்தில் ஒரு பையன் தினமும் பாட்டிலில் சாம்பல் நிறத்தில் ஏதோ குடிப்பான். கேட்டால் "ஸ்மூத்தி சார், எல்லாம் பச்சையா அரைச்சது" என்பான். அவனுக்குத் தொப்பை இல்லை. அவனுக்கு வயது இருபத்துநாலு என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பச்சை என்றதும் வீட்டில் முதல் தகராறு முந்திரியில் வந்தது. என் மனைவிக்குப் பண்ருட்டிப் பக்கம். "வறுக்காத பச்சை முந்திரி எடு" என்றேன். "பச்சை முந்திரின்னு ஒண்ணு கடையிலயே கிடையாதுங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் கொட்டையை வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் உடைப்பார்கள். அப்படியும் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். "எங்க அத்தை கையைப் பாத்திருந்தா பச்சையா வேணும்னு கேக்க மாட்டீங்க" என்று டப்பாவை ணங்கென்று வைத்தாள். பதினைந்து பருப்பு எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி ஊறவைத்த பாதாமை விடிகாலையில் தோலுரித்தேன். நுனியைப் பிடித்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வந்தது, வந்த வேகத்தில் ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது. இருபதில் பதினாறு தேறின.

ஆளி விதையை முழுசாக விழுங்கினால் போன மாதிரியே வெளியே வந்துவிடும் என்பதால் பொடித்துத்தான் சேர்க்க வேண்டும். பொடித்துத் தண்ணீர் விட்டு வைத்தேன். பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால், கிண்ணத்தில் விளக்கெண்ணெய் மாதிரி ஒன்று ஆடாமல் அசையாமல் நிற்கிறது. கரண்டியைத் தூக்கினால் கிண்ணமும் கூடவே வருகிறது. மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது ஹேர் ஜெல். தலைக்குப் போடுவாங்க" என்று பாதியை வழித்துக்கொண்டு போய்விட்டாள். மீதிப் பாதி என் இதயத்துக்கு.

அடுத்தது மசாலா. மஞ்சள் அப்படியே போனால் உடம்பில் ஒட்டாது, மிளகோடு போனால்தான் ஒட்டும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 1998-லேயே ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்து, மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் ஏறுவது 20 மடங்கு கூடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சேர்த்த பைப்பரின் வெறும் 20 மில்லிகிராம். நான் ஒரு ஸ்பூன் மிளகு போட்டேன். ஏலக்காய், ஒரு துண்டு பட்டை, வாசனைக்குச் சோம்பு. அலமாரியில் கசகசா கண்ணில் பட்டது. அதுவும் விதைதானே, அதை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்?

வாழைப்பழமும் பேரீச்சையும் கடைசியில் போடுவதாகத் திட்டம். அதுவரை மிக்சி பொறுக்கவில்லை. மூன்றாவது சுற்றில் 'உம்' என்று முனகி நின்றது. கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கி, மறுபடி போட்டேன். அந்த நேரம் பார்த்து கைபேசி அடித்தது. மூடியிலிருந்து கையை எடுத்தேன்.

சுவரில் மஞ்சள். கேஸ் அடுப்பில் மஞ்சள். தினசரி காலண்டரில் ராசிபலன் கட்டத்தில், சரியாக விருச்சிகத்துக்கு நேரே ஒரு துளி. எனக்கு அன்றைக்கு லாபமா நஷ்டமா என்று இன்றுவரை தெரியாது.

சத்தம் கேட்டு வந்த மனைவி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஜாடியில் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"என்னென்ன போட்டீங்க?"

சொன்னேன்.

"முந்திரி, கசகசா, சோம்பு, பட்டை, ஏலக்காய். இதுக்கு என்ன பேருன்னு தெரியுமா?"

"ஸ்மூத்தி."

"குருமாங்க, குருமா!"

இருபது வருஷமாகப் பூரிக்குத் தொட்டுக்கொண்ட சாமானைத்தான் டம்ளரில் ஊற்றிக் குடிக்க இருந்திருக்கிறேன். அவள் ஜாடியைப் பிடுங்கினாள். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் வதங்கின, உருளைக்கிழங்கும் பட்டாணியும் விழுந்தன, கடைசியில் உப்பு. ஆளி விதைக் கோந்து புண்ணியத்தில் குருமா ஓட்டல் குருமாவை விடக் கெட்டியாக இருந்தது. மகன் மூன்று பூரிக்கு மேல் சாப்பிட்டான். நான் எத்தனை என்று எண்ணவில்லை.

அதோடு நான் விட்டுவிடவில்லை. மறுவாரம் மசாலாவைக் குறைத்து, வாழைப்பழத்தை முதலிலேயே போட்டு, ஸ்மூத்தி என்றே சொல்லக்கூடிய ஒன்றை அரைத்துவிட்டேன். நன்றாகவும் இருந்தது. பத்து நாள் குடித்தேன். இரண்டு கிலோ ஏறியது. 100 கிராம் பாதாமில் கிட்டத்தட்ட 580 கலோரி இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் என் கணக்கில் குடித்தது பானம், டிபன் வேறு. ஸ்மூத்தி குடித்த கையோடு நாலு இட்லி சாப்பிட்டால்தான் காலைச் சாப்பாடு முடிந்த நினைப்பு வரும் எனக்கு.

நேற்று ராத்திரி பாதாமை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"ஏங்க, நாளைக்கு வாழைப்பழம் போடாம அரைச்சு வைங்க. எங்க அண்ணன் வர்றாரு, பரோட்டா வாங்கலாம்னு இருக்கேன்."