மூன்று நாள் கட்டுச்சோறு

அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக்கு நம் தபாலில் இடமில்லை, வெடித்துவிடுமாம். பயந்தாங்கொள்ளித் துறை! அமெரிக்க அஞ்சல் துறையைப் பாருங்கள், 1918 முதல் உயிருள்ள கோழிக்குஞ்சையே பெட்டியில் போட்டு அனுப்புகிறது.

அப்போதுதான் பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கரு மிச்சமிருக்கும். சுமார் 72 மணி நேரத்துக்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இப்படியொரு பயணி நம்மூர் மினி பஸ்ஸுக்குக் கிடைப்பாரா?

2025-இல் டெலவேர் மாநிலத்தில் ஏறக்குறைய 12,000 குஞ்சுகள் தபால் லாரியிலேயே மூன்று நாள் கிடந்தன. கணக்கு எவ்வளவு கச்சிதம்! கட்டுச்சோற்றில் ஒரு பருக்கைகூட வீணாகவில்லை. ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குத்தான் பொறுமை போதாமல் உயிர் போய்விட்டது.

பிழைத்தவை விலங்குக் காப்பகம் சேர்ந்தன. பெரும்பாலும் கறிக்கோழி இனம். கறிக்கென்று கேட்டு வந்த சிலரைக் காப்பகம் கையை விரித்து அனுப்பிவிட்டது.

சொன்ன நாளில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த மற்ற பெட்டிக் குஞ்சுகளெல்லாம் இதற்குள் குழம்பாகியிருக்கும்.