குழாய்க்குக் காது வைத்தவர்

எங்கள் லைனில் எல்லாரும் பாய் விரிக்கிற நேரத்தில்தான் அப்பா வேலைக்குப் புறப்படுவார். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்புறம், ரோச்சோர் கால்வாய்க்குச் சற்றுத் தள்ளி இருந்தன அந்த வரிசை வீடுகள். இரவு 11 மணிக்கு மேல் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மூலையில் சாய்த்து வைத்திருக்கும் கம்பியை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். இடுப்பு உயரக் கம்பி. அதன் ஒரு முனையில் காதில் பொருந்துகிற மாதிரி மரக் குமிழ் ஒன்று இருக்கும். வருடக்கணக்கில் அவர் காது பட்டுப் பட்டு அந்தக் குமிழ் புளியங்கொட்டை போல மினுமினுக்கும்.

அப்பாவுக்குத் தண்ணீர்ப் பிரிவில் வேலை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து 1938இல் 18 வயதில் கப்பலேறி வந்தவர். தண்ணீருக்காகக் கண்மாயில் ஊற்றுத் தோண்டிக் காத்திருந்த ஊர் அது. இங்கே அவருக்குக் கிடைத்த வேலையோ தண்ணீர் எங்கே வீணாகிறது என்று தேடுவது. தெருவில் வால்வு மூடியைத் திறப்பார், கம்பியின் நுனியைக் குழாயில் ஊன்றுவார், குமிழில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கார், வண்டிச் சத்தமெல்லாம் அடங்கியிருக்கும் என்பதால் மட்டும் இரவு வேலை இல்லை. ஊர் தூங்கும்போது யாரும் குழாயைத் திறப்பதில்லை, அதனால் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் சின்ன ஓட்டையும் வாய்விட்டுப் பேசும்.

ஏழெட்டு வயதில் ஒருநாள் அடம்பிடித்து அவருடன் போனேன். ஜாலான் புசார் பக்கம் ஒரு மூடியருகே என்னை முட்டிபோடச் சொல்லிக் காதைக் குமிழில் வைத்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ தூரத்துச் சட்டியில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு சீறல்.

"கேக்குதா? அதுதான்டா கசிவு. பத்தடிக்குள்ள இருக்கு."

மறுநாள் தோண்டினார்கள். இருந்தது.

கசிவு என்றால் அப்பா பதறுவதற்குக் காரணம் உண்டு. கடலுக்கு அக்கரையில் ஜொகூரில் உள்ள குனோங் பூலாய் மலையிலிருந்து ஜொகூர் பாலத்தின் வழியாகச் சிங்கப்பூருக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது போருக்கு முன்பே. ஜப்பானியப் படை முன்னேறி வர, ஆங்கிலேயப் படை பின்வாங்கியபோது, 1942 ஜனவரி 31 அன்று, பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதோடு குழாயும் போனது. தீவுக்குள் இருந்த நீர்த்தேக்கங்களும் எதிரி கைக்குப் போயின. அகதிகளால் ஊர் பிதுங்கியது, குண்டு விழுந்த இடமெல்லாம் குழாய் உடைந்து, ஓடிய தண்ணீரில் பாதிக்கு மேல் தெருவிலேயே போனது. பிப்ரவரி 15 அன்று வெள்ளைக்காரன் சரணடைந்தான். தண்ணீர்த் தட்டுப்பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று சரித்திரப் புத்தகத்தில் நான் பிற்பாடு படித்தேன். அப்பா அதை நேரில் பார்த்தவர். தலைக்கு மேல் விமானம் பறக்கப் பறக்கக் குழாயை ஒட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். "ஊரு விழுந்தது ஓட்டையாலடா" என்பார், சாகும்வரை.

அடுத்த பஞ்சத்தை நானே பார்த்தேன். இங்கும் ஜொகூரிலும் மழை பொய்த்ததால் 1963 ஏப்ரல் 23 முதல் தண்ணீருக்குப் பங்கீடு வந்தது. அது தொடங்கி ஒரு வாரத்தில், மே 1ஆம் தேதி, தண்ணீரும் மின்சாரமும் எரிவாயுவும் புதிதாகப் பிறந்த பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கைக்கு வந்தன. வட்டாரம் வட்டாரமாக மணிக்கணக்கில் அடைத்தார்கள். பத்து மாதம் அப்படி ஓடியது. நீண்ட இரும்புச் சாவியோடு போய் வால்வைத் திருகுகிற ஆட்களில் அப்பாவையும் போட்டிருந்தார்கள். குழாயடியில் மண்ணெண்ணெய் டின்னும் வாளியுமாய் நின்ற பெண்கள் அவரைத் தமிழிலும் ஹொக்கியனிலும் மலாயிலும் வைதார்கள். அப்பா பதில் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "நீ கடைசியா நில்லு. எல்லாரும் பிடிச்சபிறகு பிடி." அம்மா அந்தப் பத்து மாதமும் கடைசியாகத்தான் நின்றார். சில நாள் அரை டின்தான் கிடைக்கும். அதில்தான் சோறு, குளியல், எல்லாம். ஆனாலும் அம்மா முணுமுணுத்து நான் கேட்டதில்லை. வசைபாடிய அதே பெண்கள் கடைசியில் அம்மாவின் டின்னில் ஆளுக்கு ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த ரோச்சோர் கால்வாயோரம் நடக்கும்போது நின்றுவிடுகிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நாங்கள் ஓடிக் கடந்த கால்வாய் அது. பக்கத்திலிருந்த தேக்காச் சந்தையின் அழுக்கெல்லாம் அதில்தான் போகும். 2008இல் மரீனா அணைக்கட்டு கட்டிக் கடலைத் தடுத்தார்கள். இரண்டு வருட மழை உப்பைக் கழுவ, 2010இல் உள்ளே இருந்தது நன்னீர் ஏரியாகிவிட்டது. ரோச்சோர் அந்த ஏரியில்தான் சேர்கிறது. அன்று நாறிய தண்ணீரை இன்று சுத்திகரித்துக் குடிக்கிறோம். அப்பா இருந்திருந்தால் கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருப்பார்.

அவர் புதுநீரைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 2002 தேசிய தின அணிவகுப்பில் கொடுத்த போத்தல் ஒன்றை என் மகன் கொண்டுவந்தான். கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர் என்று சொன்னோம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பாதியைக் குடித்தார், மீதியை எடுத்துப்போய்த் துளசிக்கு ஊற்றினார். "ஒரு சொட்டையும் விடலையா? சரிதான்" என்றார்.

சொட்டை விடாததுதான் இந்த ஊரின் கெட்டிக்காரத்தனம் என்பேன். ஜொகூரிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் எடுக்கும் 1962 ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. புதுநீர் ஆலையையும் கடல்நீர் ஆலையையும் எல்லாரும் பேசுகிறார்கள். மண்ணுக்குள் 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. துருப்பிடிக்கும் பழைய இரும்பை எடுத்துவிட்டு, செம்பும் துருப்பிடிக்காத எஃகும் உள்ளே சிமெண்டு பூசிய குழாயுமாக மாற்றினார்கள். 1980களின் கடைசியில் நூறு லிட்டரில் பத்து லிட்டர் போலக் கணக்கில் வராமல் போனது, 2000களில் ஐந்தளவுக்கு இறங்கியது. உலகத்தில் பல நகரங்கள் மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் நள்ளிரவில் சிராங்கூன் சாலைப் பக்கம் குழாய் மாற்றும் வேலை நடந்தது. பள்ளத்துக்குள் நின்றவர்களில் பேச்சை வைத்தே ஒரு தம்பியை அடையாளம் கண்டேன். முதுகுளத்தூர்ப் பக்கம்.

"உங்க ஊர்ல தண்ணி எப்படி தம்பி?"

"வண்டித் தண்ணிதான் ஐயா. அம்மா குடம் கணக்குல காசு குடுத்து வாங்குது."

கையில் மண்ணோடு சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை. என் அப்பா வந்த அதே சீமையிலிருந்து, அதே வேலைக்கு, அதே இரவில். அன்று குழாயடியில் அப்பாவைத் திட்டவாவது ஆள் இருந்தது, முகம் தெரிந்தது. இன்று அந்தத் தெருவிலுள்ள ஒருவருக்கும் இந்தத் தம்பியின் முகம் தெரியாது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான். அது எனக்கு உறுத்துகிறது. பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கிப் பள்ளத்தருகே வைத்துவிட்டு வந்தேன்.

ஹவ்காங்கில் எங்கள் வீட்டுக்கு இப்போது புது மீட்டர். தானே அளந்து தானே அனுப்பும். போன மாதம் பேத்தி கைப்பேசியை நீட்டினாள். "தாத்தா, ராத்திரி முழுக்கத் தண்ணி ஓடுதாம். லீக் இருக்கலாம்னு சொல்லுது."

எல்லாக் குழாயையும் பார்த்தோம். சொட்டு இல்லை. இரவு 2 மணிக்கு எழுந்து, சமையலறையிலிருந்து நீண்ட எவர்சில்வர் கரண்டியை எடுத்துப்போய்க் கழிவறைக் குழாயில் ஊன்றி, காம்பைக் காதோடு வைத்துக் கண்ணை மூடினேன். அறுபது வருடத்துக்குப் பிறகு அதே அப்பளச் சத்தம், மெல்லிசாக. பிளஷ் தொட்டியின் ரப்பர் தேய்ந்திருந்தது.

பின்னால் பேத்தி வந்து நின்றாள். கரண்டியை அவள் காதில் வைத்தேன்.

"உஷ்... கேளு."

ரொம்ப நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு, "சமையலறைக் குழாய்லயும் கேக்கலாமா தாத்தா?" என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.