சட்டை மாற்றும் கொய்யா

கேள்வி: எங்கள் வீட்டுக் கொய்யா மரம் தோலுரிகிறதே, பட்டுப்போய்விடுமோ?

பதில்: பயப்படாதீர்கள், சட்டை மாற்றுகிறது! உள்ளே மரம் பருக்கிறது. செத்த வெளிப்பட்டை அதோடு சேர்ந்து விரியாது. தீபாவளிச் சட்டை பொங்கலுக்குள் பித்தான் தெறிக்கிற மாதிரி (அனுபவம்தான்). உரிந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். பச்சையாக, வழவழவென்று இருந்தால் மரம் சுகம். மருதமும் யூகலிப்டஸும்கூட இப்படி உரிப்பவைதான்.

வெறும் கட்டை தெரிந்தாலோ, பிசின் வடிந்தாலோதான் வம்பு. கிளைக் கவட்டில் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையாகக் கோத்துத் தொங்குகிறதா? பட்டை தின்னும் புழு குடிவந்துவிட்டது. பகலெல்லாம் துளைக்குள் தூக்கம், ராத்திரியானால் விருந்து. நூலாம்படையைத் துடைத்துவிட்டு, துளைக்குள் கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். பிறகு களிமண்ணால் அடையுங்கள். வாடகை பாக்கியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.