கசிவியல்: ஓர் ஆய்வு முன்னுரை

வீட்டில் செய்த நீர்மூழ்கி ரோபோவில், மோட்டார் ஒயரை இணைத்த இடத்தில் தண்ணீர் எவ்வாறு புகுகிறது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். புகுமா எனின், புகும். அது இத்துறையின் முதற்கோள். அதற்கு நிரூபணம் கேட்பவர் ரோபோ செய்யாதவர்.

அறிஞர்கள் மூன்று கட்சி. முதலாவது டேப் கட்சி. கறுப்பு இன்சுலேஷன் டேப் எத்தனை சுற்றோ அத்தனை காப்பு என்பது இவர்கள் கொள்கை. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று எடுத்துச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். இன்னொரு சுற்று சுற்றுவார்கள். அடுத்தது சிலிக்கான் கட்சி. ஹார்டுவேர் கடையில் விற்கும், வினிகர் வாடை அடிக்கும் பசையே இவர்களது மருந்து. அந்த வாடை, பசை காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலத்தினுடையது. அது செம்பை அரிக்கும். காவலுக்கு வந்தவரே கன்னம் வைக்கும் இந்நிலை தனி ஆய்வுக்குரியது. மூன்றாமவர் எபாக்சிக் கட்சியினர், ஓரளவு தேறுவர். ஆயினும் பாலித்தீன், டெஃப்லான் உறைகளின்மேல் எபாக்சி ஒட்டியதுபோல் இருக்கும், ஒட்டியிருக்காது.

மூவரும் ஒயரின் வெளிப்புறத்துக்காகவே சண்டையிடுகிறார்கள். நீர் வருவதோ உள்ளே. பல இழைச் செம்புக் கம்பியின் இழைகளுக்கு நடுவே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நீர் ஏறும். இரண்டடி தள்ளி உறையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும். உள்வழியாகவே மோட்டாருக்கு வந்து சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு, ஓடிச் சூடான மோட்டார் தண்ணீரில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரைத் தானே வா என்று இழுக்கும். பரிகாரம் உண்டு: உறையைச் சிறிது உரித்து, இழைகளுக்குள் ஈயம் பாய்ச்சி அடைத்து, உரித்த அந்த இடத்தோடு சேர்த்து எபாக்சிக்குள் புதைத்துவிட வேண்டும். டேப் கட்சியாரிடம் இதைப் பேசிப் பயனில்லை.

வரலாற்றுக்கு வருவோம். 1851இல் டோவருக்கும் கலேவுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பியைக் காத்தது, மலாய் நாட்டு மரப்பாலான கட்டாப்பெர்ச்சா. இன்று அந்தப் பீடத்தில் வீற்றிருப்பது கழிப்பறை மெழுகு. எம்.ஐ.டி. (குரோம்பேட்டையது அன்று, மசாச்சூசெட்ஸினது) 2003இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய சீபெர்ச் திட்டத்தின் ரோபோவில், மோட்டாரை ஃபிலிம் டப்பாவுக்குள் வைத்து மெழுகால் நிரப்புவார்கள். அமெரிக்க வீடுகளில் கழிப்பறைப் பீங்கானின் அடியில் அழுத்தி வைக்கும் வளையம் அது. கெட்டியாகி வெடிக்காது; தள்ளினால் நகர்ந்துகொடுத்து மறுபடி அடைக்கும். டப்பா நிறைய மெழுகு இருக்கையில் சுருங்குவதற்குக் காற்றும் அதிகம் மிஞ்சாது. சீமை எபாக்சிக்கு இந்தப் பணிவு வராது.

அடைப்பதையே மறுக்கும் நான்காம் கட்சி ஒன்றும் உண்டு. 2004இல் சாண்டா பார்பராவில் நடந்த மேட் நீரடி ரோபோப் போட்டிக்கு, அரிசோனாவின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கொண்டுவந்த ரோபோ கசிந்தது. அவர்கள் மின்சுற்றுப் பெட்டிக்குள் டாம்பான்களை வைத்து, வந்த தண்ணீரை உறிஞ்சவிட்டார்கள். போட்டியில் மேற்படி எம்.ஐ.டி.க்கு இரண்டாம் இடம். முதலிடம் டாம்பான் கட்சிக்கு.