வெள்ளி ராஜாவுக்கு ஒரு கும்பிடு

அமெரிக்கப் பணக்காரர்களுக்குப் பனிக்காலம் வந்தால் தெற்கே ஓடிவிட வேண்டும். ஓடிய இடத்திலும் சும்மா இருக்க வராது, யாரையாவது ஜெயித்தாக வேண்டும். சக பணக்காரனை அடித்தால் வக்கீல் வருவான். எனவே டார்பனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கரீபியன் கடலிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் உலவும் மீன் அது. எட்டடி வரை வளரும். பட்டப்பெயர் ‘வெள்ளி ராஜா’. தண்ணீரில் காற்று போதாவிட்டால் மேலே வந்து வாயால் ஒரு வாய் இழுத்துக்கொண்டு போகும். தூண்டிலில் மாட்டியபோதும் இதே வேலைதான்: இழுப்பவருக்கு மூச்சு வாங்குகிற நேரத்தில், மீனும் மூச்சு வாங்கிக்கொண்டு தெம்பாகத் திரும்பும். உடம்பெல்லாம் முள் என்பதால் அமெரிக்கர்கள் அதைத் தின்பதும் இல்லை. கௌரவமே அதில்தான் இருக்கிறது. பசிக்குப் பிடித்தால் மீனவன், பசியில்லாமல் பிடித்தால் கனவான்.

தூண்டிலுக்கு இது மசியாது, எறியீட்டிதான் வழி என்றே கடற்கரையில் வெகுகாலம் நம்பினார்கள். தாடை அப்படி, பாறாங்கல். 1885-இல் நியூயார்க்கிலிருந்து வந்த டபிள்யூ. எச். வுட் என்பவர், ஃப்ளோரிடாவின் சானிபெல் தீவோரம் 93 பவுண்டு டார்பனைத் தூண்டிலிலேயே இழுத்துப் போட்டார். செய்தி பரவியதுதான் தாமதம், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்துத் துரைமார்கள்கூட மூட்டை கட்டிவிட்டார்கள்.

எர்னஸ்ட் ஹெமிங்வே 1928-இல் ஹவானாவிலிருந்து கப்பலில் கீ வெஸ்ட் தீவில் வந்து இறங்கினார். அங்கே தயாராக இருக்க வேண்டிய கார் வந்து சேரவில்லை. காத்திருந்த நேரத்தில் டார்பன் பிடிக்கப் போனார், அப்புறம் ஊரைவிட்டுக் கிளம்ப மனமே வரவில்லை. வீரம் ஏறிக்கொண்டே போய், 1935-இல் பிமினி தீவுக்குப் போகும் வழியில், தூண்டிலில் மாட்டிய சுறாவைச் சுடக் கைத்துப்பாக்கியை எடுத்தார். தோட்டா அவருடைய இரண்டு கால்களிலும் பாய்ந்தது. மனிதர் அசரவில்லை. அதையும் ஒரு கட்டுரையாக்கிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்! எழுத்தாளனைச் சுட்டாலும் கட்டுரைதான் வரும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1937-ஆம் வருடம். ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம் அவருடைய சட்டங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்திருந்தது. ஒன்பது பேரை வழிக்குக் கொண்டுவர முடியாவிட்டால் இன்னும் ஆறு பேரைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று மசோதா கொண்டுவந்தார். சொந்தக் கட்சியே முறைத்தது. மே மாதம், இருங்கள் வந்துவிடுகிறேன் என்பதுபோல, டார்பன் பிடிக்க டெக்ஸாஸின் போர்ட் அரான்ஸாஸுக்குப் போய்விட்டார். ஒரு காலத்தில் டார்பன் என்றே பெயர் வைத்துக்கொண்டிருந்த ஊர் அது. அங்கே பிடித்த மீனின் செதிலில் கையெழுத்துப் போட்டு, விடுதிச் சுவரில் அடித்துவிட்டுப் போவது வழக்கம். கையெழுத்துப் போடுமளவுக்குச் செதில் பெரிது, அதைவிடப் பெரியது போட்டவர்களின் பெருமை.

ஜனாதிபதிக்கு மாட்டியது 77 பவுண்டு. பதவியே இல்லாத வுட் பிடித்ததைவிட 16 பவுண்டு குறைவு. மீனுக்கு அரசியல் தெரியாது. செதிலில் கையெழுத்து விழுந்தது, விடுதிச் சுவரிலும் ஏறியது. இரண்டு மாதம் கழித்து செனட் அவருடைய மசோதாவைக் குழிதோண்டிப் புதைத்தது.

அந்தப் பயணத்தில் உருப்படியாக மாட்டிய ஒரே ஆள் வேறு. திரும்புகிற வழியில் கால்வெஸ்டன் துறையில், அப்போதுதான் காங்கிரஸுக்கு ஜெயித்திருந்த 28 வயதுப் பையன் ஒருவன் ஜனாதிபதியை வரவேற்க நின்றான். பெயர் லிண்டன் ஜான்சன். பேச்சில் மயங்கிய ரூஸ்வெல்ட் அவனைத் தன் ரயிலிலேயே ஏற்றிக்கொண்டார். பையன் 1963-இல் ஜனாதிபதியே ஆகிவிட்டான். யார் யாரைத் தூண்டில் போட்டுப் பிடித்தார்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பிடிப்பவர்களிடையே ஒரு சம்பிரதாயம் உண்டு. மாட்டிய டார்பன் துள்ளி ஆகாயத்துக்கு எழும்பும்போது கோலைத் தாழ்த்தி, குனிந்து, நரம்பைத் தளர்த்திவிட வேண்டும். விறைப்பாக நின்றால் நரம்பு அறுந்துவிடும். ராஜாவுக்குக் கும்பிடு போடுவது என்பார்கள். வேறு எங்கும் குனியாத முதுகெல்லாம் இங்கே குனிந்திருக்கிறது.

இப்போது மரியாதை அதற்கும் மேலே. பெலீஸில் 2009 முதல் பிடித்த டார்பனைத் திருப்பி விட்டாக வேண்டும். ஃப்ளோரிடாவில் 40 அங்குலத்துக்கு மேற்பட்டதைப் படம் எடுக்கக்கூடத் தண்ணீரிலிருந்து தூக்கக் கூடாது. படகுக்கு வாடகை, வழிகாட்டிக்குக் கூலி, முதுகுக்குத் தைலம் எல்லாம் செலவழித்து ராஜாவை அவர் வீட்டு வாசலிலேயே சந்தித்துவிட்டுத் திரும்ப வேண்டியது.

பெலீஸின் கீ காக்கர் தீவில் வேறொரு வழி இருக்கிறது. கரையோரம் நின்று, ஒரு குட்டி மத்தி மீனை விரல் நுனியில் தொங்கவிட்டால் போதும். தண்ணீர் பிளக்கும், ஆள் நீளத்துக்கு ஒரு டார்பன் எழும்பும், முழங்கை வரை வாய்க்குள் போட்டுக் கவ்விவிட்டு மத்தியோடு மறைந்துவிடும். பயணிகள் கூச்சலிட்டுச் சிரித்து, மறுபடி கையை நீட்டுகிறார்கள். காலையில் படகெடுத்துப் போன கனவான் இன்னும் நடுக்கடலில் குனிந்துகொண்டிருப்பார்.